கட்டிலுக்கடியில் கட்டிய எருமைகள்

செகந்தராபாத் பக்கம் மௌலா அலியில் என் அக்கா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு மழைக்காலம் முழுவதும் புத்தகக் கட்டுகள் கிடந்தன. அது அரிசி மூட்டையின் இடம். அரிசி மூட்டை அலமாரிப் பக்கம் நகர்ந்தது. அலமாரிப் பக்கம் படுத்துக்கொண்டிருந்த நான் வராந்தாவுக்குப் போனேன். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. விஜயவாடா பிளாட்பாரத்தோடு ஒப்பிட்டால் ரயில்வே குவார்ட்டர்ஸ் வராந்தா சொகுசுதான். கொசு இரண்டிலும் உண்டு, தடியால் தட்டி எழுப்புகிற போலீஸ்காரர் இங்கே இல்லை.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் கொஞ்ச காலம், மதராஸில் மூட்டை தூக்கிக் கொஞ்ச காலம், விஜயவாடா ஓட்டலில் டம்ளர் கழுவிக் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே காய்ச்சல் வந்து படுத்தபோது முதலாளி ரயிலேற்றி விட்டார். அக்கா வீட்டில் வந்து இறங்கினேன். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. எப்போது போவாய் என்று மட்டும் அத்தான் அவ்வப்போது விசாரிப்பார். ரயில்வே பட்டறைக்காரர் அல்லவா, புறப்படும் நேரம் தெரிந்தால் அவருக்கு நிம்மதி.

கட்டிலுக்கடியில் இருந்தவை அக்காவின் புத்தகங்கள். கிராஸ் ஸ்டிச் டிசைன்கள். கட்டம் போட்ட தாளில் படம் இருக்கும். ஒவ்வொரு கட்டமும் துணியில் ஒரு பெருக்கல் குறித் தையல். நிறத்துக்கு ஓர் அடையாளம், புள்ளி என்றால் கறுப்பு, வட்டம் என்றால் பச்சை. எண்ணத் தெரிந்தவர் எவரும் தைத்துவிடலாம், வரையத் தெரிய வேண்டியதில்லை. வரைகிறவருக்குத்தான் உயிர் போகும்.

அக்கா அதற்கு முன் பல வருஷம் பிறர் டிசைன்களைத்தான் நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சர்ச்சுக்கு வந்துபோன ஒரு வெள்ளைக்காரம்மா விட்டுச் சென்ற தாள்களில் நான்கு இறக்கை வைத்த காற்றாடி வீடு இருந்தது, மரச்செருப்புப் போட்ட பெண் இருந்தாள், பனி மூடிய வீடு இருந்தது. எங்கள் காலனியில் பனி என்றால் மார்கழியில் இருமல் வருவது. ஆனாலும் ரேடியோ மேலே, டீப்பாய் மேலே, தலையணை மேலே எல்லார் வீட்டிலும் அந்தக் காற்றாடி சுற்றாமல் நின்றது. கண் வலிக்க நகலெடுத்தவள் அக்கா. "நல்லா காப்பி பண்ணுவாங்க" என்பதுதான் அவளுக்குக் கிடைத்த பேர். அந்தப் பேர் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எனக்குன்னு ஒரு புஸ்தகம் போடணும்ல" என்றாள் ஒரு நாள், நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது. "ஒண்ணே ஒண்ணு. வித்துச்சின்னா அடுத்தது. விக்கலைன்னா சாகுத வரைக்கும் காத்தாடிதான்."

படங்களைக் காட்டினாள். கஞ்சியைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் ரயில்வே கேட். அடைத்த கேட்டுக்கு முன்னால் ஓர் எருமை, அதன் முதுகில் ஒரு கொக்கு, பின்னால் மௌலா அலி மலை. இன்னொன்றில் சீத்தாப்பழக் கூடை. மற்றொன்றில் சிக்னல் கம்பத்தில் காயப்போட்ட ஒரு வேட்டி. அந்த வேட்டி அத்தானுடையது என்று பார்த்தவுடன் தெரிந்தது.

சனத்நகரில் மருந்துப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற சின்ன பிரஸ் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. முதலாளி நல்ல மனிதர், தாள் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு அங்கேயே அச்சடிக்க விட்டார். கட்டங்களை நானே தகட்டில் ராத்திரி பகலாக இழுத்தேன். முதல் தாள் வந்ததும் அவர் தூக்கிப் பார்த்து, "கைக்கு மியா? பைன்ஸை எவன் வாங்குவான்?" என்றார். கைக்கு என்றால் ஏன், பைன்ஸ் என்றால் எருமை. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

செகந்தராபாத் ஃபேன்ஸி கடைக்காரர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். "நக்கோ." வேண்டாம் என்று அர்த்தம். பிறகு இரக்கப்பட்டு, "ஃபாரின் டிசைன் இருந்தா கொண்டு வாங்கம்மா, காத்தாடி மாதிரி" என்றார். காற்றாடியைப் போட்டுக்கொடுத்தவளிடமே சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது.

அப்புறம் நான் சைக்கிளில் கட்டிக்கொண்டு அலைந்தேன். குகட்பள்ளியில் புதிதாகக் குடிவந்த ஹவுசிங் போர்டு வீடுகளில் கதவு கதவாகத் தட்டினேன். ஒரே ஒருவர் வாங்கினார். மறுவாரம் அந்தப் பக்கம் போனபோது வழிமறித்து, "ஏம்ப்பா, இதுக்கு விடை எந்தப் பக்கத்தில இருக்கு?" என்று கேட்டார். குறுக்கெழுத்துப் போட்டி என்று நினைத்துப் பாதிக் கட்டங்களில் பென்சிலால் எழுதியும் இருந்தார். புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அத்தான் வேலை முடிந்து வந்ததும் குனிந்து கட்டிலுக்கடியில் பார்ப்பார். "எருமையெல்லாம் தண்ணி குடிச்சாச்சா?" என்பார். என் அக்கா மகள் அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். அக்கா சிரிக்கமாட்டாள். "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன். அப்புறம் கடலைக்காரன்ட்ட போட்டுருங்க" என்றாள். சொன்னால் செய்கிறவள். வெள்ளைக்காரம்மாவின் காற்றாடித் தாளை மறுபடி எடுத்துத் தூசி தட்டி வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

புத்தகம்தான் விலைபோகவில்லையே தவிர, அக்கா மாதிரிக்காகத் தைத்து வைத்திருந்த எருமை விரிப்புக்கு ஓய்வே இல்லை. காரணம் இதுதான். எங்கள் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தால் டீப்பாய் விரிப்பைத் திருப்பிப் பார்ப்பார்கள். முன்பக்கம் எல்லாருக்கும் அழகாகத்தான் வரும். பின்பக்கம் நூல் முடிச்சும் வாலுமாகத் தொங்கினால் பெண் பொறுமைசாலி இல்லை என்று அர்த்தம். அக்காவின் தையல் பின்பக்கமும் கோடு போட்டது மாதிரி இருக்கும். ஆகவே காலனியில் எந்த வீட்டில் பெண் பார்த்தாலும் நாற்காலி, தட்டு, கண்ணாடி டம்ளர் வரிசையில் அக்காவின் விரிப்பும் இரவல் போய்விடும். எருமையைக் கேலி செய்தவர்கள்தான் அதன் பின்பக்கத்தை இரவல் கேட்டு வந்தார்கள்.

காற்றாடிக் காலத்தில் இதில் ஆபத்தே இல்லை. எந்த வீட்டில் எந்தக் காற்றாடி என்று யாரால் சொல்ல முடியும்? எருமை ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

முதலில் ரயில் கார்டு வீட்டுக்குப் போய்வந்தது. அந்த இடம் கூடிவரவில்லை, அந்தப் பெண் மேலே படிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள். கொஞ்ச நாளில் எதிர் வரிசை ஃபோர்மேன் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸ் உண்டு, கேண்டீன் உண்டு. அந்தக் காலத்தில் அதற்குமேல் ஒரு பெண்ணைப் பெற்றவர் ஆண்டவரிடம் கேட்க ஒன்றுமில்லை. நான் நாற்காலி சுமந்துபோனவன், அடுப்படி வாசலில் நின்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா செகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். முறுக்குத் தட்டை எடுத்துக் கணவர் மடியில் வைத்துவிட்டு, விரிப்பின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பினார்.

"அரே, ஒரு முடிச்சு இல்லையே. பொண்ணு கை வேலையா?"

"அவ கைதாங்க" என்றார் ஃபோர்மேன் வீட்டம்மா. பெண் தரையைப் பார்த்தாள். எல்லாரும் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

விரிப்பு நேராக விழுந்தது. அந்த அம்மாள் எருமையைப் பார்த்தார். கொக்கைப் பார்த்தார். "ஏங்க, இந்த பைன்ஸை எங்கயோ பாத்திருக்கோமில்ல?"

கணவர் முறுக்கில் கவனமாக இருந்தவர், ஆமாம் என்று தலையாட்டினார். "ஹவ், கார்டு வீட்ல. அங்கயும் இது மேலதான் முறுக்கு வச்சாங்க" என்றார்.

அடுப்படியில் பால் பொங்கியது. யாரும் இறக்கவில்லை.

ஃபோர்மேன் வீட்டம்மாவை நான் அன்றுதான் மதிக்கத் தொடங்கினேன். கண் இமைக்காமல் சொன்னார்: "அது புக்குல வந்த டிசைனுங்க. எங்க காலனியில எல்லார் வீட்லயும் இதான். இதோ இந்தத் தம்பிதான் பிரிண்ட் போட்டது. இன்னா தம்பி, சொல்லேன்!"

புத்தகம் இருந்தது உண்மை, நான் அச்சடித்ததும் உண்மை. நான் தலையை ஆட்டினேன்.

"எல்லார் வீட்லயுமா? எருமையா?"

"இப்ப அதாங்க ஃபேஷன்."

"அச்சா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "அப்போ அறுப்பின் பண்டிகைக்கு உங்க சர்ச்சுக்கே வரோம். லேடீஸ் ஸ்டால் போடுவீங்கல்ல? எல்லாத்தையும் பாக்கணும். அன்னைக்கே பதில் சொல்றோம்."

அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் ஃபோர்மேன் வீட்டம்மா எங்கள் வீட்டில் இருந்தார். மூச்சு வாங்கியது. "யக்கா, அந்தக் கட்டில் கீழ இருக்கிறத எடு. என் பொண்ணு வாழ்க்க அங்கதான் இருக்குது."

அத்தான் செய்தித்தாளை இறக்கி, "அரிசி மூட்டைக்கும் ஒரு விடிவு காலம்" என்றார்.

ஃபோர்மேன் வீட்டம்மா வாங்கியது ஒரே புத்தகம். எருமைப் பக்கத்தைக் கிழித்துக் கைமாற்றிக்கொள்ளலாம் என்று திட்டம். ஆனால் எந்த அடையாளம் எந்த நிறம் என்கிற அட்டவணையை நான் கடைசிப் பக்கத்தில் அடித்திருந்தேன். இடம் பற்றாமல் செய்த வேலை அது, தந்திரம் ஒன்றும் இல்லை. பக்கத்தை மட்டும் வாங்கிப்போனவர் முதல் வாரமே நீல எருமை போட்டுவிட்டார். கார்டு வீட்டு எருமை செம்பருத்தி நிறத்தில் வந்தது. அப்புறம்தான் ஆளுக்கொரு புத்தகமாக வாங்க வந்தார்கள். பொய்யைக் காப்பாற்ற என்றுதான் தொடங்கினார்கள். பிறகு, அவள் வீட்டில் இருக்கும்போது நம் வீட்டில் இல்லாவிட்டால் எப்படி என்று ஆகிவிட்டது. காலனி என்றால் அப்படித்தான். காற்றாடியும் அப்படித்தான் பரவியிருந்தது.

"உன் டிசைன் புடிச்சி ஒருத்தியும் வாங்கலையே, அக்கா" என்று நான் சீண்டினேன்.

"பொய்யி சொல்லுததுக்கு வாங்குனாலும் தைக்கது நெசந்தானல" என்றாள். ஆனால் விற்ற சந்தோஷம் முகத்தில் பாதிதான் இருந்தது.

பண்டிகையன்று சர்ச் வளாகத்தில் பூசணிக்காயும் சேவலும் ஏலம் போய்க்கொண்டிருந்தன. லேடீஸ் ஸ்டால் மேசையில் ஒரு மந்தையே நின்றது. கறுப்பு, நீலம், செம்பருத்தி. தடித்த சாக்கு மாதிரித் துணியில் தைத்த ஒருத்தியின் எருமை மேசையைத் தாண்டித் தொங்கியது. கட்டம் பெரிதானால் மாடும் பெரிதாகும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. போதகர் வந்து நெடுநேரம் பார்த்து, "அறுவடைன்னா மாடும் வேணும்தானே" என்று பொதுவாக ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளையின் அம்மா வந்தார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். முடிச்சுகள், வால்கள், குருவிக்கூடு. ஃபோர்மேன் மகள் இந்த முறை நிஜமாகவே தன் கையால் தைத்தது கடைசியில் இருந்தது. அதன் பின்பக்கம் எருமை புல் மேய்ந்து துப்பியது மாதிரி இருந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மடித்து வைத்தார்.

"ஹவ், எல்லார் வீட்லயும் இருக்கு" என்றார். "எங்களுக்குச் சம்மதம்."

ஃபோர்மேன் வீட்டம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு, அந்த அம்மாள் சேவல் ஏலம் நடந்த இடத்துக்குப் பின்னால் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். புத்தகக் கட்டோடு நானும் கூட நின்றேன்.

"முதல்ல பார்த்தேனே, முடிச்சே இல்லாதது. அது உங்க கைதானே?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. நான் கேக்க வந்தது வேற." குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் என் மகளைப் பாக்க மதராஸ்லருந்து வராங்க. அவளுக்கு ஊசி புடிக்கவே தெரியாது. அந்த விரிப்பை ஒரே ஒரு நாளைக்கு..."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா என் காலை மிதித்தாள்.

"விரிப்பு தரமுடியாதும்மா" என்றாள். "அது சுத்துனது போதும். புஸ்தகம் இருக்கு, தாரேன். புள்ளையத் தைக்கச் சொல்லுங்க. முடிச்சு விழுந்தா விழட்டும். உங்க மருமக போட்ட முடிச்ச நீங்க பாத்துட்டுத்தான சரின்னீய?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். சிக்னல் கம்பத்து வேட்டியில் வந்து நின்றார்.

"இது யாரு வேட்டி?"

"எங்க வீட்டுக்காரவியளுது."

"இது நல்லாருக்கு. எருமை எல்லார் வீட்லயும் இருக்கு. இதையே தைக்கச் சொல்றேன்."

காலனியில் யாருக்கும் எந்தப் பொய்க்கும் தேவைப்படாமல், பிடித்திருக்கிறது என்று ஒருவர் வாங்கிய முதல் புத்தகம் அது. அக்கா வீடு வரும்வரை நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினாள்.

கட்டிலுக்கடியில் அரிசி மூட்டை திரும்பி வந்தது. நான் அலமாரிப் பக்கம் திரும்பினேன். தன் வேட்டி மதராஸ்காரர்கள் முன்னால் விரிக்கப்படப்போகிறது என்று தெரிந்து அத்தான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், அக்கா புதிய கட்டத்தாளில் குனிந்திருப்பதைப் பார்த்து, தாங்காமல் எட்டிப் பார்த்தார்.

"இது என்னது?"

"தண்டவாளத்தோரம் மேயுதுல்லா, பன்னி. குட்டியோட."

அத்தான் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, உனக்கு அடுத்த வண்டி எப்போ?"

"பன்னி அச்சேறட்டும் அத்தான்" என்றேன்.