முதல் ஞாயிற்று விருந்தாளி

அந்த மனிதர் தட்டை இடது கையால் வளைத்துக்கொண்டு சாப்பிட்டார். அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. மேசைமேல் வெள்ளை விரிப்பு இருந்தது. நாற்பது பேர் கையைக் கழுவிவிட்டு, தங்கள் சோற்றைத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளி முதல் வாய் எடுத்து வைத்த பிறகுதான் மற்றவர்கள் கைவைக்க வேண்டும் என்பது எங்கள் மன்றத்து வழக்கம். அவரோ யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல முழங்கையை அகட்டி, தலையைத் தாழ்த்தி, ஆறேழு வாயில் பாதித் தட்டைக் காலி செய்துவிட்டார். சிங்கப்பூரிலும் பாங்காக்கிலும் இடதுபுறத்தில் ஓடிக் கோல் போட்டவர் என்று செயலாளர் சற்று முன்புதான் அவரை அறிமுகப்படுத்தியிருந்தார். நான் இளவயதில் அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். அடுத்த லாரி வருவதற்குள் முடிக்க வேண்டுமே என்று சாப்பிடுகிற சாப்பாடு எனக்குத் தெரியும். வெளிநாட்டில் பந்தாடியவர் அப்படி ஏன் சாப்பிட வேண்டும்?

நான் நான்காம் வகுப்போடு நின்றவன். கல்லூரிப் பக்கம் போனதே சமையல் அண்டாவோடுதான். பர்மாவில், எங்கள் நகரத்தின் தின்கன்ஜூன் பகுதியில் இருந்த அந்தச் சிறிய மண்டபத்தில், ஒரு கல்லூரியின் பழைய மாணவர்கள் சேர்ந்து, கல்லூரிக் கால்பந்து அணிக்காக ஒரு ஆதரவாளர் மன்றம் நடத்திவந்தார்கள். மழைக்காலம் முடிந்து பந்தயங்கள் தொடங்கியதும், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்து. ஒரு விருந்தாளி வருவார், சாப்பிடுவார், பிறகு பேசுவார். கேட்டுவிட்டு மனம் நிறைந்தவர்கள் அணிக்கு ஏதாவது செய்வதாகச் சொல்வார்கள். ஒருவர் பையன்களுக்கு முட்டை அனுப்புவார், இன்னொருவர் பூட்ஸ் தைத்துத் தருவார். மன்றத் தலைவர் வெளியூர்ப் பந்தயங்களுக்குத் தன் பஸ்ஸைக் கொடுப்பார். பெட்ரோல் வரிசையில் அரை நாள் நிற்க வேண்டியிருந்த அந்தக் காலத்தில் அது சின்ன காரியமில்லை. எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்தவர் செயலாளர். ஓய்வுபெற்ற குமாஸ்தா, மாதா கோயிலுக்குப் போகிறவர். எல்லோரும் அவரை 'சயா' என்பார்கள். இங்கே வாத்தியாருக்குச் சொல்லும் மரியாதைச் சொல் அது. நான் அடுப்படியில் நின்று, டான்பவ் என்று இந்த ஊரில் சொல்கிற பிரியாணியைச் செய்து, வாளியோடு பரிமாறுகிறவன். பேச்சு வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அன்று அந்த விருந்தாளி நன்றாகவே பேசினார். பாங்காக்கில் கொட்டுகிற மழையில் பந்து சேற்றில் புதைந்து நின்றதையும், அதைத் தோண்டி எடுத்துக் கோல் போட்டதையும் அவர் சொன்னபோது மின்சாரம் போயிற்று. மின்விசிறி நின்றது. யாரும் விசிறிக்கொள்ளக்கூட இல்லை. நான் மட்டும் சுவரோரம் நின்று வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் யார்? ஒற்றர்களுக்குப் பயந்த அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் தெரியாத முகம் ஒன்று கூட்டத்தில் உட்கார்ந்தால் பேச்சு தானாகக் குறைந்துவிடும். நாற்பது பேர் கூடுவதற்கே வார்டு அலுவலகத்தில் பெயர்களை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பந்தாட்டக்காரர் இல்லையென்றால் இவர் எதைக் கேட்டுக்கொண்டு போக வந்திருக்கிறார்? யாரிடம் சொல்வார்? பெயரை வைத்தும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. எங்களுக்கெல்லாம் இரண்டு பெயர். வீட்டில் தமிழ்ப்பெயர், அடையாள அட்டையில் பர்மியப் பெயர். செயலாளர் எந்த விருந்தாளியையும் அட்டைப் பெயரால்தான் அறிமுகப்படுத்துவார். அந்தப் பெயரில் இந்த நகரத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள்.

அடுத்த மாதம் ஒரு நடுவர் வந்தார். அவர் சோற்றைப் பருக்கை பருக்கையாகத் தின்றார், கேட்ட கேள்விக்கெல்லாம் "அது அந்தந்த நேரத்தைப் பொறுத்தது" என்றார். இவரும் பொய்தான் என்று முடிவு கட்டினேன். பிறகு தெரிந்தது, அந்த வருடம் வந்தவர்களில் அவர் ஒருவர்தான் நிஜம்.

என் தங்கை டாலாவில் இருக்கிறாள். நடுவர் வந்துபோன மறுவாரம் ஆற்றைக் கடந்து அவளைப் பார்க்கப் போனேன். படகுத்துறையில் இறங்கியதும் சைக்காக்காரர்கள் மொய்த்துக்கொண்டார்கள். சைக்கா என்பது பக்கவாட்டில் ஆள் உட்காரும் மூன்று சக்கர மிதிவண்டி. அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் தமிழில் கூப்பிட்டது.

"அண்ணே! டான்பவ் அண்ணே!"

சிங்கப்பூர், பாங்காக் ஆட்டக்காரர் ஒரு பழைய சைக்காமேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"ஏறுங்க. அன்னிக்குச் சோத்த வச்சிட்டு என் கையையே பாத்தீங்க. அப்பவே நெனச்சேன், இந்த ஆளுகிட்ட மாட்டிக்கிட்டோம்னு."

நான் ஏறினேன். கொஞ்ச தூரம் அவர் மிதித்தார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொன்னதெல்லாம் நெசந்தாண்ணே" என்றார் அவரே. "மழையில போட்ட கோல், முட்டி போனது, எல்லாம் நெசம். எனக்கு நடக்கல, அம்புட்டுதான்."

"பின்னே யாருக்கு நடந்துச்சு?"

"நெசமா ஆடினவரு இப்ப மலேசியாவுல ஏதோ கம்பெனில காவல் நிக்கிறாரு. சயாகிட்ட போன்ல சொல்லியிருக்காரு. சயா எனக்கு மூணு நாளு சொல்லிக்குடுத்தாரு. நான் மறந்து மறந்து போயி, கோல சொந்த ஆளுங்க மேலேயே போட்டுட்டேன். சயா தலையில அடிச்சிக்கிட்டாரு."

"உனக்கு என்ன கெடச்சது?"

"உங்க டான்பவ், ரெண்டு தட்டு. வேற என்ன?" அவர் ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்தார். பிறகு மூச்சு வாங்கியபடி சொன்னார்: "நாப்பது பெரிய மனுசங்க நான் பேசுறத வாயத் தொறந்து கேட்டாங்கண்ணே. இதுல ஏறுறவன் எவனும் எங்கிட்ட வழியத் தவிர ஒண்ணும் கேட்டதில்ல."

அவர் யாருக்கும் ஒற்றன் இல்லை என்று தெரிந்தது. ஆனால் என் சந்தேகம் தீரவில்லை, இடம் மாறியது. செயலாளர் ஏன் இதைச் செய்கிறார்? அடுத்த விருந்துக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது, அவர் அடுப்படிக்கு வந்து கைத்துடைக்கும் துணிகளை மடித்தார். நான் இரண்டு முறை தொண்டையைச் செருமினேன்.

"சயா, டாலாவுக்குப் போயிருந்தேன்."

"அங்கே காத்து நல்லா இருக்கும்" என்றார். நாலைந்து துணிகளை மடித்து முடித்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நெசமா ஆடினவங்க பாதிப்பேரு நாட்டுலயே இல்ல தம்பி. இருக்கிறவங்க வெளியே தலைகாட்ட மாட்டேங்குறாங்க. விருந்தாளி இல்லேன்னா நம்ம ஆளுங்க வருவாங்களா? இவங்க வரலேன்னா புள்ளைங்க எதுல போயி ஆடுவாங்க?"

அவர் வெளியே போனபோது எப்போதும் தோளில் மாட்டியிருக்கும் தன் துணிப்பையை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். வெட்கத்தோடு எழுதுகிறேன், அந்தப் பையைத் திறந்து பார்த்தேன். ஒரு குடை, கதைகள் எழுதிய ஒரு நோட்டு, துவைத்துக் கிழிசல் தைத்த பதினொரு ஜோடி காலுறைகள். என் சந்தேகம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளாத மனிதன் என்றால் எனக்கு இன்னும் கொஞ்சம் பயம்தான். எடுத்துக்கொள்கிறவனுக்கு எது போதும் என்று தெரிந்துவிடுகிறது. இவருக்கு எது போதும்? இன்றைக்கு ஆளை மாற்றுகிறவர், நாளைக்கு எதை மாற்றுவார்?

சந்தேகம் எனக்கு மட்டும் இருக்கவில்லை. தலைவர் இரும்புச் சாமான் கடைக்காரர். ஆணியைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். குளிர் மாதத்து விருந்தில் அவர் செயலாளரிடம் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

"சயா, நம்ம மொத விருந்தாளி பாங்காக்ல ஆடினாருன்னீங்களே. எங்க சித்தப்பா மகன் அந்தச் சமயம் அங்கேதான் இருந்தான். இப்பிடி ஒரு பேரே கேள்விப்படலைங்கிறான்."

"எந்தப் பேரக் கேட்டீங்க? வீட்டுப் பேரா, அட்டைப் பேரா?" என்றார் செயலாளர்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்தக் குழப்பத்தில் சிக்காத குடும்பம் அங்கே ஒன்றுகூட இல்லை. தலைவரும் சிரித்தார். ஆனால் அவர் கண் சிரிக்கவில்லை. "சரி, இந்த வருசக் கடைசி விருந்துக்கு அவரையே திரும்பக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

கடைசி விருந்துக்கு அடுத்த சனிக்கிழமை வெளியூரான பெகுவில் அணியின் முக்கியமான பந்தயம். அதில் போய் நிற்காவிட்டால் அடுத்த வருடப் பந்தயங்களில் அணியைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று நடத்துகிறவர்கள் கல்லூரிக்குச் சொல்லியிருந்தார்கள். ரயிலை நம்ப முடியாது. தலைவரின் பஸ் ஒன்றுதான் வழி. சைக்கா ஓட்டும் டாலாக்காரர் இரவல் சட்டையில் வந்து உட்கார்ந்தார். இந்த முறை இடது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துப் பார்த்து மெதுவாகச் சாப்பிட்டார். அவர் முதல் வாய் எடுத்தும் மற்றவர்கள் கைவைக்கவில்லை, ஏனென்றால் தலைவர் எழுந்து நின்றுவிட்டார்.

"பெட்ரோலுக்கு என் டிரைவர் ரெண்டு நாளு வரிசையில நின்னிருக்கான். நான் குடுக்கத் தயார். ஆனா ஒண்ணு. இந்த ஆளு நெசமான ஆட்டக்காரர்னாதான் பஸ்ஸு. என்னை முட்டாளாக்குற எடத்துக்கு என் வண்டி போகாது."

செயலாளர் கையிலிருந்த காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். தலைவர் சுற்றிப் பார்த்துவிட்டு, வாளியோடு நின்ற என்மேல் கண்ணை நிறுத்தினார்.

"தம்பி, நீ தொறைமொகத்துல ஆளுங்களோட ஆளா இருந்தவன். பக்கத்துல நின்னு சோறு போட்டிருக்கே. நீ சொல்லு. இவரு ஆடினவரா, இல்லையா?"

நாற்பது முகங்களும் திரும்பின. டாலாக்காரர் மட்டும் தட்டைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் அதுதான் உண்மை. இத்தனை மாதமாக என்னை அரித்ததும் அதுதான். ஆனால் பதினொரு பையன்களும் அந்த நிமிடம் என் வாய்க்குள் இருந்தார்கள்.

"ஆடினவருதாங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அலோன் மைதானத்துல நானே பாத்திருக்கேன்."

அந்த மண்டபத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. தலைவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்போ சரி" என்றார். "பஸ்ஸு வரும். இவரும் அதுலயே போகட்டும். புள்ளைங்க பக்கத்துல உக்காந்து யோசனை சொல்லட்டும்." எல்லோரும் கைதட்டினார்கள்.

டாலாக்காரர் அடுப்படிக்குள் ஓடி வந்தார். "என்னண்ணே இப்பிடிப் பண்ணிப்புட்டீங்க! எனக்கு மூணு கதைதாண்ணே தெரியும்! பதினோரு பயலுவளுக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்?"

போனார். அணி ஒரு கோலில் தோற்றது. அவர் யோசனை எதுவும் சொல்லவில்லை என்று பையன்கள் சொன்னார்கள். பாதி ஆட்டத்தில் அவர்கள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, ஒவ்வொருவர் காலையும் மடியில் வைத்து நீவிவிட்டாராம். நாள் முழுக்க மிதிக்கிறவருக்குத் தெரிந்த வைத்தியம். கடைசி வரை பதினொரு பேரும் ஓடினார்கள். அணி அடுத்த வருடமும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. செயலாளர் என்னிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை, ஆனால் அவர் சொல்லாததைக் கவனித்தேன்.

இப்போது மன்றம் இல்லை. செயலாளர் மகளோடு வெளிநாடு போய்விட்டார். எந்த நாடு என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மண்டபத்தில் யாரோ மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள். தலைவருக்குக் கால் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவர் வீட்டுக்கு மீன் குழம்பு கொண்டுபோகிறேன். பெட்ரோல் விலையையும் தன் இடுப்பு வலியையும் பற்றி அவர் பேசுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். போன மாதம் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே திடீரென்று கேட்டார்.

"அன்னிக்கு நாப்பது பேரு இருந்தாங்க. உன்னை எதுக்குக் கேட்டேன்?"

"தொறைமொகத்துல இருந்தவன்னு…"

"மண்ணாங்கட்டி. எல்லாரு முன்னாலயும் ஒருத்தனப் பாத்து இல்லேன்னு சொல்ல உனக்கு வாய் வராது. அங்கே அப்பிடி ஒருத்தன் நீதான். நான் குளிர் மாசத்து விருந்துலயே மொரட்டுத்தனமாப் பேசி வச்சிட்டேன். எறங்கி வர ஒரு ஏணி வேணாமா? பஸ்ஸ எடுத்து வைன்னு கடைசி விருந்துக்கு முந்தின நாளே டிரைவர்கிட்ட சொல்லியாச்சு."

நான் சிரித்தேன். அவர் மீன் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, என் முகத்தை ஒரு முறை பார்த்தார்.

இத்தனை வருடமாக அந்தப் பையன்களை நான்தான் பெகுவுக்கு அனுப்பினேன் என்று யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் தைரியமாகச் செய்தது அந்த ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தலைவர் சொல்வது நிஜமென்றால் என் பொய் யாருக்கும் தேவைப்படவே இல்லை. நிஜமில்லையென்றால், தான் ஏமாந்ததை இப்போது மறைக்கப் பார்க்கிறார். அந்த டிரைவர் தலைவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். குழம்புத் தூக்கோடு அந்தத் தெரு வழியாக நான் இரண்டு முறை போய்விட்டேன். இரண்டு முறையும் அவர் நிமிர்ந்து பார்த்து, "என்னப்பா?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். தலைவர் முந்தின நாளே சொன்னாரா என்று கேட்டால் அவர் ஆமாம் என்றுதான் சொல்லுவார். அப்போதும், தலைவர் அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.