பட்டியலில் முதற்பேர்

சீஐடி பரமலிங்கத்தைத் தெரியாதவர்கள் ஊர்காவற்றுறையில் இல்லை. துப்பறிகிற மனிதருக்கு இதைவிடப் பெரிய கேடு என்ன வேண்டும்? வேட்டியும் சால்வையுமாக மாறுவேடம் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், "சீஐடி அண்ணைக்கு இடம் விடுங்கோ" என்று கொண்டக்டர் கடைசி வரிசைக்கும் கேட்கக் கத்துவான். இருபத்தெட்டு வருடச் சேவையில் அவர் பிடித்த கள்ளர்களில் பாதிப்பேர், "நீங்கள் இந்த வெயிலுக்கை அலைய வேண்டாம், நான்தான்" என்று தாங்களாகவே வீடு தேடி வந்தவர்கள்.

அறுபத்தோராம் ஆண்டு, மாசி மாதம். சிங்களம் மட்டும் என்ற சட்டத்துக்கு எதிராக யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சத்தியாக்கிரகம் ஊர்காவற்றுறைக்கும் வந்து, அரசாங்கக் கந்தோர் ஒன்றின் வாசலில் ஐம்பது பேர் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். ஆர் ஆர் இருக்கிறார்கள் என்று போய்ப் பேர் எழுதிக்கொண்டு வரும்படி பரமலிங்கத்துக்குக் கட்டளை வந்தது. பென்சனுக்கு இன்னும் பதினொரு மாதம். சிங்களச் சோதனையில் இரண்டுதரம் கோட்டை விட்டவர் வேறு. இன்னொரு பிழை விட்டால் பென்சன் இல்லாமலே வீட்டுக்கு அனுப்புவோம் என்று மேலிடம் எழுத்திலேயே எச்சரித்திருந்தது. போகமாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் ஏது?

"என்ர தம்பியின்ர பேரையும் எழுதப் போறியளோ?" என்று கேட்டாள் மனைவி அன்னபூரணம். அவள் தம்பி குலசிங்கம் சத்தியாக்கிரகத்தில் முன்வரிசை.

"அது வேலையப்பா."

அவ்வளவுதான், அன்னபூரணம் பேச்சை நிறுத்திவிட்டாள். புட்டைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். உப்புக் காணாது என்றால் பரமலிங்கம் அதைப் பூனையிடம்தான் சொல்லவேண்டும்.

முதல்நாள் அவர் பூவரச மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். "அத்தான், ஏன் கால் கடுக்க நிக்கிறியள்? இதிலை வந்து இருந்து எழுதுங்கோ" என்று குலசிங்கமே கூப்பிட்டான். இருந்தால் எல்லா முகமும் தெரியும்தானே என்று பரமலிங்கமும் போய் இருந்தார். பிறகு கேட்கவேண்டுமா? தகப்பன் பேரின் முதலெழுத்தைச் சரியாகப் போடச் சொன்னார் ஒருவர். மண்கும்பானிலிருந்து மத்தியானம்தான் வந்த ஒருவர், தன்னைச் சேர்ப்பார்களோ மாட்டார்களோ என்று நாலுதரம் விசாரித்தார். ஒருவரும் தப்பி ஓடவில்லை. விடுபட்டுவிடுவோமோ என்றுதான் எல்லோருக்கும் பயம்.

பரமலிங்கத்தின் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். பக்கத்தில் இருந்த ஆழ்வாப்பிள்ளைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவர் காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசுக் கந்தோரில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். ஊரில் கலியாணம் என்றால் சொல்லவேண்டிய வீடுகளின் பட்டியல் அவர் கையால்தான் எழுதப்படும். ஒரு வீடு விடுபட்டால் பத்து வருடத்துக்குச் செத்தவீட்டுக்கும் வரமாட்டார்கள் என்பதால், அவர் ஒருவரையும் விடுவதில்லை.

"தாரும் இஞ்சை. உது மேலிடத்துக்குப் போற கடிதாசி. ஊர் மானம் என்னாகிறது?" என்று கொப்பியைப் பறித்தார். மூன்றாம் நாள் பின்னேரம் பட்டியல் முத்து முத்தாக எழுதி முடிந்தபோது அதை மேலிடத்துக்குக் கொண்டுபோகிற பஸ் வெளிக்கிட நின்றது. பரமலிங்கம் கடைசித் தாளில் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையும் பரமலிங்கம் பழக்கத்தில் வந்து இருந்தபோது லொறி வந்தது. கொழும்பிலிருந்து முதல்நாள்தான் வந்த புது இன்ஸ்பெக்டர், பட்டியலில் உள்ள அத்தனை பேரையும் ஏற்றும்படி உத்தரவிட்டார். எதிர்க்கேள்வி கேட்கிறவனுக்கு நெடுந்தீவுக்கு மாற்றம் என்றும் சொல்லிவைத்தார். பேரை வாசிக்க வந்த சார்ஜன் கிறிஸ்தோப்பர், பரமலிங்கத்தோடு பன்னிரண்டு வருடம் ஒரே மேசையில் தேத்தண்ணி குடித்தவர். முதற்பேரைக் கண்டதும் தாளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார்.

"அண்ணை, கோவிக்கக் கூடாது. முதல் பேர் உங்கடைதான். ஏறுங்கோ."

லொறிக்குள் பரமலிங்கம் ஆழ்வாப்பிள்ளையின் மேல் பாய்ந்தார். "என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்?"

"மூண்டு நாளும் விடிய வந்து எங்களோடை இருந்தனீர். உம்மை விட்டுப்போட்டு எழுத எனக்குக் கை வருமோ? அரசாங்க உத்தியோகத்தரை முதலிலை போடுறதுதானே முறை?"

"என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே!"

"கேட்டா வேண்டாமெண்டுதான் சொல்லுவீர். கலியாணத்துக்குச் சொல்லப் போனாலும் முதலிலை எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுகினம்."

முதற்பேர்க்காரர் தன்னுடைய சீஐடிதான் என்பது பொலிஸ் நிலையத்தில்தான் இன்ஸ்பெக்டருக்கு விளங்கியது. பரமலிங்கத்தின் பழைய அறிக்கைகளை எடுத்துப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். இது உன் எழுத்தே இல்லை, எழுதியவன் பேரைச் சொல், அரசாங்கக் கடிதத்தில் கைவைத்ததற்கு அவனை உள்ளே போடுகிறேன், நீ வீட்டுக்குப் போகலாம் என்றார். மூலையில் நின்ற ஆழ்வாப்பிள்ளை வாயைத் திறக்கப் பார்த்தார். பரமலிங்கம் முந்திக்கொண்டார். அந்தப் பதினொரு மாதமும் கண்முன்னே வந்து நின்றது.

"நான்தான் எழுதினனான், ஐயா."

உன் பேரையும் நீயே எழுதினாயா என்று இன்ஸ்பெக்டர் மேசையில் அடித்தார்.

"இருந்த ஆக்களின்ர பேரை எழுதச் சொன்னனீங்கள். நானும் இருந்தனான்."

மற்றவர்களோடு அவரையும் நிலையத்துக் கூட்டுக்குள் அடைத்தார்கள். அந்தக் கூட்டின் இரும்புக் கதவை மேலே தூக்கிப் பிடித்தால்தான் பூட்டு விழும். கிறிஸ்தோப்பர் கண்ணீரும் கம்பலையுமாக அதோடு மல்லுக்கட்டினார். அந்தக் கதவைப் பரமலிங்கத்தைப் போல அறிந்தவர்கள் இல்லை. "நீர் திறப்பைத் திருப்பும். கதவை நான் இஞ்சாலை இருந்து தூக்கிறன்" என்று, தன்னைத் தானே பூட்டக் கைகொடுத்தார்.

பின்னேரம் அன்னபூரணம் சாப்பாட்டோடு வந்தாள். கம்பிக்கு அப்பால் நின்று கேட்டாள்.

"பென்சன்?"

"போயிட்டுதப்பா."

புட்டைப் பிரித்து, கறியை விட்டு, கம்பிக்குள்ளால் நீட்டினாள்.

"உப்புக் காணுமோ எண்டு பாருங்கோ."

பரமலிங்கம் ஒரு வாய் வைத்தார். வாயில் வைக்க ஏலாத உப்புக் கரிப்பு.

"அளவாயிருக்கு" என்றார்.