அலாரம் அடித்தால் கீழே

மூன்றாவது உடுப்புத் தோய்க்கும் மெஷின் வேகமாகச் சுற்றத் தொடங்கியதும் இக்னேசியஸ் சுவரோரம் ஒதுங்குகிறார். ஒதுங்கியபடியே நிலத்தைத் துடைக்கிறார். முதலாவது மெஷினுக்கு அவர் வைத்த பெயர் ஹெலி, ஹெலிகொப்ரரின் சுருக்கம். இரண்டாவது சகடை, யாழ்ப்பாணத்தின் மேல் ஆடி அசைந்து வந்து குண்டை உருட்டிவிட்டுப் போன கிழட்டு விமானத்துக்குச் சனம் வைத்த பட்டப்பெயர் அது. மூன்றாவது பொம்பர், பாய்ந்து வந்து குண்டு போடுகிற விமானம். "உது சுத்தத் துவங்கினால் எனக்குக் கால் நிலத்தில நிக்காது தம்பி," என்பார். அப்படிச் சொல்லிக்கொண்டே அதன் மூடியில் சிந்திய சவர்க்காரத் தூளைத் துடைத்தும் விடுவார்.

கனடாவில், பார்க்டேல் என்ற பகுதியில், ஏரிக்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் பதினொரு மாடிக் கட்டடம் இருக்கிறது. இக்னேசியஸ் அதற்குச் சுப்பர், அதாவது கட்டடப் பராமரிப்பாளர். குப்பை இழுப்பது, அடைத்த குழாயைத் திறப்பது, கரப்பானுக்கு மருந்தடிப்பது எல்லாம் அவர் பாடு. போதாததற்கு தொண்ணூற்றாறு சித்திரையில் மத்திய கிழக்கின் சமாதானமும் அவர் தலையில் வந்து விழுந்தது.

அந்த மாதம் தெற்கு லெபனானிலிருந்து இஸ்ரேலுக்கு ரொக்கெற் போனது. இஸ்ரேலிலிருந்து லெபனானுக்கு விமானம் போனது. தொலைக்காட்சியில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் "பொதுமக்கள் தரப்பில் இழப்பு" என்று சொல்லிவிட்டு, அதே முகத்தோடு நாளைக்கு மழை வருமா என்பதற்குப் போய்விடுவார். இழப்பாம். பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்தவர்கள் மாதிரி.

நான்காம் மாடி றிவ்கா அன்ரியின் தங்கை இருந்தது ரொக்கெற் விழுந்த ஊரில். ஆறாம் மாடி சமீரா அன்ரியின் தம்பி குடும்பம் இருந்தது விமானம் போன பக்கம், பாலஸ்தீன அகதி முகாம் ஒன்றில். இரண்டு பேரும் ஆறு வருஷமாக ஒரே லோன்றி அறையில் தோய்த்து, எலுமிச்சை ஊறுகாய் மாற்றிக்கொண்டவர்கள். தங்கையின் பக்கத்து வீட்டுக் கிழவர் செத்துப்போனார். தம்பியின் மகளுக்கு ஒரு கால் போயிற்று. அதோடு இங்கே பேச்சு நின்றது. ஒருவருடைய ஈர உடுப்பை மற்றவர் அள்ளி நிலத்தில் போட, முறைப்பாடு சுப்பரிடம் வந்தது.

இக்னேசியஸ் அட்டவணை எழுதினார். திங்கள், புதன் றிவ்கா. செவ்வாய், வியாழன் சமீரா. வெள்ளி ஒருவரின் கடவுளுக்கு, சனி மற்றவரின் கடவுளுக்கு, ஞாயிறு இக்னேசியஸின் கடவுளுக்கு. மிச்சச் சனம் கிடைத்த நேரத்தில் தோய்க்கலாம். இந்த ஒப்பந்தத்துக்கு எவரும் நாட்டுத் தலைவர்கள் மாதிரிப் புல்வெளியில் நின்று கைகுலுக்கவில்லை, படம் எடுக்கவில்லை. செலோரேப் போட்டுக் கதவில் ஒட்டியதோடு சரி. அதனால்தானோ என்னவோ அது நிலைத்தது.

நான் ஒருநாள் அவரைச் சீண்டிப் பார்த்தேன். யூஜினி அக்கா, அதாவது அவருடைய மனைவி, ஊரில் இடம்பெயர்ந்து மடு அகதி முகாமில் இருக்கிறார். அவருடைய தலைக்கு மேல் பறக்கிற கிபிர் விமானம் இஸ்ரேல் செய்து விற்றது என்பது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாமல் என்ன? வித்தது உவையின்ர நாடுதான்," என்றார். "அதுக்காக றிவ்கா அன்ரியின்ர உடுப்பை ஈரத்தோட விடேலுமே?"

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டாம் மாடியில் யாரோ ரோஸ்ரரில் பாணைக் கருக்கினார்கள். நெருப்பு அலாரம் அலறியது. குடியிருந்த சனமெல்லாம் சட்டப்படி வெளியே போய் நிற்க, சனத்தை வெளியேற்ற வேண்டிய சுப்பர் "கீழ, கீழ, இறங்குங்கோ" என்று தமிழில் கத்திக்கொண்டு நிலக்கீழ் அறைக்கு ஓடினார். தமிழ்ச் சனமே அன்றைக்கு அவரை மதிக்கவில்லை. தமிழ் தெரியாத இரண்டு பேர் மட்டும் பின்னாலேயே இறங்கினார்கள்.

தீயணைப்புக்காரர் லோன்றி அறையைத் திறந்தபோது உடுப்பு மடிக்கிற மேசைக்குக் கீழே மூன்று பேர். காதைப் பொத்தி, வாயை ஆவென்று திறந்தபடி. குண்டு விழும்போது வாயைத் திறந்து வைத்திருந்தால் செவிப்பறை தப்பும். இந்தப் பாடத்தை மூவரும் மூன்று ஊரில் படித்திருந்தார்கள். கனடாவில் ஆபத்து உள்ளேயிருந்து வரும், ஆகவே வெளியே ஓட வேண்டும். ஆபத்து மேலேயிருந்து வருகிற நாட்டுக்காரருக்கு இந்த நுட்பம் பிடிபட நாள் செல்லும். செவ்வாய் சமீராவின் நாள் என்பதால் றிவ்கா அன்ரி ஒப்பந்தத்தை மீறியதாகவும் கொள்ளலாம். மறுநாள் இரண்டு பேரும் மாடிக்கு ஏறுகிற லிப்றில் பழையபடி எதிரெதிர் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கட்டடத்தை நடத்துகிற கொம்பனியின் மனேச்சருக்கு இதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. இன்னொருமுறை கீழே ஓடினால் வேலை இல்லை என்றார். வேலை போனால், வேலையோடு கிடைத்த வீடும் போகும். அது கிடக்கட்டும், யூஜினி அக்காவைக் கனடாவுக்கு எடுக்க ஸ்பொன்சர் பண்ணுகிற பத்திரங்களோடு வைக்க இக்னேசியஸ் கேட்டிருந்த வேலைக் கடிதமும் போகும். ஒரு நெருப்பு ஒத்திகை வைப்பேன், சரியாகச் செய்தால் அந்த இடத்திலேயே கடிதத்தில் ஒப்பம் வைப்பேன் என்று மனேச்சர் பெரிய மனது பண்ணினார். நாளும் அவரே குறித்தார். ஆவணிக் கடைசி வெள்ளி.

இக்னேசியஸின் முகம் கறுத்ததை நான் பார்த்தேன். ஒவ்வொரு கோடை முடிவிலும் எங்கள் ஏரிக்கு மேல் போர் விமான வேடிக்கை நடக்கும். குண்டைக் கழித்துவிட்டுச் சத்தத்தை மட்டும் இலவசமாகத் தருவார்கள். ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு பார்க்கலாம். அந்த வெள்ளிக்கிழமை அதற்கும் ஒத்திகை. வருஷாவருஷம் அந்த நாட்களில் இக்னேசியஸ் சத்தம் எட்டாத ஒஷாவாவில் நீக்கிலாஸ் என்ற கூட்டாளியின் வீட்டுக்குப் போய்விடுவார். இந்த முறை போக வழியில்லை.

"திகதியை மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்கோவன்," என்றேன்.

"என்னெண்டு கேக்கிறது? பிளேனுக்குப் பயம் எண்டு சொன்னால் கடிதத்தில அதையும் எழுதிப்போடுவான்."

அன்றிலிருந்து தினமும் காலையில் படிக்கட்டில் ஏறி இறங்கி, "வெளிய, வெளிய" என்று முணுமுணுத்துப் பழகினார். "பத்து வருசமாய்க் கீழ ஓடின கால் தம்பி. உதுக்கு ஆர் புத்தி சொல்லுறது?"

வெள்ளிக்கிழமை அலாரம் அடித்தது. நிலக்கீழ் கதவைப் பூட்டி, அதற்கு முதுகைக் கொடுத்து நின்றார் இக்னேசியஸ். இறங்கி வந்த றிவ்கா அன்ரி அந்தக் கதவைப் பார்த்தார். "வெளிய அன்ரி," என்று இக்னேசியஸ் கையைக் காட்டினார். சமீரா அன்ரிக்கும் அதே சொல், அதே கை. இருவரும் கீழ்ப்படிந்தார்கள். ஆறு நிமிஷத்துக்குள் கட்டடம் முழுதும் கார்த் தரிப்பிடத்தில் நின்றது. மனேச்சர் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையாட்டினார். கடிதத்தை எடுத்துத் தன் காரின் முன்மூடியில் வைத்து, பேனையைத் திறந்தார். இக்னேசியஸ் பக்கத்தில் நேராக நின்றார். அவர் அவ்வளவு நேராக நின்று நான் கண்டதில்லை.

அப்போது ஏரிப் பக்கமிருந்து நான்கு விமானங்கள் தாழ வந்தன.

பிள்ளைகள் கைதட்டினார்கள். மனேச்சர் பேனையோடு அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். நான் ஒரு வான் வண்டியின் பின்னால் குந்தியிருந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை. குந்தியபடி பார்த்தபோது தார் நிலத்தில் மூன்று பேர் குப்புறக் கிடந்தார்கள். ஒரு பக்கம் றிவ்கா அன்ரி, மறுபக்கம் சமீரா அன்ரி, நடுவில் இக்னேசியஸ். இன்னும் ஒப்பம் விழாத கடிதம் காற்றில் எழும்பி அவர் தலைக்கு மேலால் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் மனேச்சரின் காற்சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். "படுங்கோ சேர், படுங்கோ."