மூன்றாம் வரிசையின் மௌனம்

ஷைலோ தோப்பு பாப்டிஸ்ட் சபையில் பேச எழுந்தவனைத் தனியே தவிக்க விடுகிற வழக்கம் கிடையாது. மேடையில் நிற்பவன் ஒரு வார்த்தை சொன்னால் கீழேயிருந்து ஒரு வார்த்தை அவனுக்குக் கைகொடுக்கும். நன்றாகப் பேசினால் "அப்படிச் சொல்லு" என்பார்கள். தடுமாறினால் "கர்த்தாவே, அவனுக்கு உதவி செய்யும்" என்று யாராவது ஒரு கிழவி முனகுவாள். பேச்சு அவர்களுக்கு உவக்காமல் போனால்தான் சபை வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனம் சாட்டையடியைவிடக் கொடியது. அதை வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போன போதகர்கள் உண்டு.

அந்தச் சபையின் மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரம், முப்பத்தைந்து வருடமாக உட்கார்ந்து வந்தவள் வெர்லீன். அமெரிக்காவின் கேரி நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையற்கட்டில் வேலை. உயரமானவள், கறுத்து மினுக்கும் நெற்றி, பெரிய கைகள். அவளிடம் அழகென்று ஊர் சொன்னதெல்லாம் அவள் குரலைத்தான். தாழ்ந்த, அவசரமில்லாத குரல். கூட்டமாகப் பாடும்போது அது தனியே தெரியாது. அது நின்றுபோனால் மட்டும், ஏதோ ஒரு தூணை உருவிவிட்டதுபோல் பாட்டு சாய்ந்துவிடும்.

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஏறிப்போனவன் லூஷியஸ் டாலிவர். அவள் கணவன். இப்போது கணவன் அல்ல.

எஃகு ஆலையில் நிலக்கரி உலைக்கு முன்னால் வெந்துகொண்டிருந்தவன் அவன். அறிவு இருந்தது, நியாயம் இருந்தது. ஆனால் நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறந்தால் வார்த்தைகள் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு ஓடும். "அவன் என் வயித்துலேருந்தே அவசரமா வந்தவன்டி. மருத்துவச்சி செருப்பக் கழட்டறதுக்குள்ள பொறந்துட்டான்" என்று அவன் தாய் மிஸ் ஹாட்டி மருமகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு வருடம், ஆண்களே ஆராதனையை நடத்தும் ஞாயிறன்று, சபையில் பேசும் முறை அவனுக்கு வந்தது. எழுந்தான். இரண்டு நிமிடத்தில் மூச்சு முட்டியது, கையிலிருந்த காகிதத்தில் வரி தொலைந்தது. சபையில் சிரிப்பு எழும்பப் பார்த்த அந்த நொடியில், மூன்றாம் வரிசையிலிருந்து வெர்லீன் சொன்னாள்:

"மெதுவா, லூஷியஸ். நேரம் இருக்கு."

அவ்வளவுதான். அவன் நின்றான். மூச்சு வாங்கினான். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தான். சபை எழுந்து நின்றது.

அதன்பிறகு தொழிற்சங்கக் கூட்டமானாலும், சட்டப் படிப்புக்குப் போனபின் நீதிமன்றமானாலும், தேர்தல் மேடையானாலும் அவன் கண் முதலில் மூன்றாம் வரிசையைத் தேடும். அவள் அங்கே இருப்பாள். சமையற்கட்டில் நின்று வீங்கின கால்களோடு, கையில் எண்ணெய் வாசனையோடு இருப்பாள். அவன் ஓடத் தொடங்கும்போது அவள் பிடித்து நிறுத்துவாள். ஊர் அதை அவளுடைய உரிமையாகவே விட்டுவிட்டது. மற்ற யாருக்கும் யார் வேண்டுமானாலும் குரல் கொடுக்கலாம், லூஷியஸுக்கு வெர்லீன்தான். அவள் வாய் திறப்பதற்கு முன்னால் வேறு எவரும் திறக்கமாட்டார்கள்.

தேர்தலில் ஜெயித்தான். சட்டமன்ற உறுப்பினனாக மாநிலத் தலைநகரத்துக்குப் போனான். வெர்லீன் கூடப் போயிருக்கலாம். ஆனால் மிஸ் ஹாட்டி தன் வீட்டு வாசலைத் தாண்டமாட்டேன் என்றாள், கிழவியைத் தனியே விட வெர்லீனுக்கு மனம் வரவில்லை. கூட்டத்தொடர் முடிந்ததும் வருகிறேன் என்று போனவன், பிறகு விருந்தாளிபோல் வந்தான், பிறகு விருந்தாளிபோல்கூட வரவில்லை. அங்கே கமீல் என்று ஒரு வழக்கறிஞர் இருந்தாள். படித்தவள், பண்பானவள். கெட்டவளாக இருந்திருந்தால் வெர்லீனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

விவாகரத்து ஆன அன்று வெர்லீன் தன் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். மிஸ் ஹாட்டி வந்து பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்கடி கிளம்பற? உன்ன விட்டவன் அவன். நானா விட்டேன்?"

அப்படித்தான் அந்த வீட்டில், மகன் இல்லாமல், மாமியாரும் மருமகளுமாக இருபது வருடம் ஓடியது.

கிழவியின் கடைசி இலையுதிர்காலத்தில் வெர்லீனின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போயிற்று. குரல் நரம்பு தானாகச் சரியானாலும் ஆகலாம் என்றார் மருத்துவர். பனி விழத் தொடங்கியும் ஆகவில்லை. பஞ்சரான டயர்போல் வெறும் காற்றுதான் வந்தது. பக்கத்தில் காதை வைத்தால் கேட்கும், அவ்வளவே.

மிஸ் ஹாட்டி அப்போது படுக்கையில் விழுந்துவிட்டிருந்தாள், காதும் போயிருந்தது. "வாய்க்குள்ளயே பேசாதடி, சத்தமாச் சொல்லு" என்று அதட்டுவாள். கடைசியில் வெர்லீன் ஒரு வழி கண்டாள். அறைக்குள் வரும்போது குதிகாலால் மரத்தரையை நிதானமாகத் தட்டுவாள். அதிர்வு கட்டில் காலில் ஏறும். "ம், வந்துட்டியா" என்பாள் கிழவி. செவிடும் ஊமையுமாக அவர்கள் குடித்தனம் அப்படி நடந்தது.

கிழவியைப் பார்த்துக்கொள்வதால் வெர்லீன் சபைக்குப் போவதும் நின்றது. அவள் குரல் போன செய்தி பக்கத்து வீட்டு எர்னஸ்டீனுக்கு மட்டும் தெரியும். லூஷியஸுக்குச் சொல்லட்டுமா என்று அவள் கேட்டபோது வெர்லீன் அவள் கையைப் பிடித்து வேண்டாம் என்று தலையசைத்தாள். குரலுக்காக வராதவன் குரல் போனதற்காக வருவானா? வந்தாலும் அது இரக்கத்துக்கு வந்ததாகத்தானே இருக்கும்?

பிப்ரவரியில் மிஸ் ஹாட்டி கண்ணை மூடினாள். எர்னஸ்டீன்தான் தலைநகரத்துக்குத் தொலைபேசியில் பேசினாள்.

அடக்க ஆராதனை அன்று ஏரிக் காற்று பனியை வாரி இறைத்தது. சாலை அடைபட்டதால் லூஷியஸ் தாமதமாக வந்து, கமீலோடு நேரே முதல் வரிசைக்குப் போனான். வெர்லீன் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரே பயம். அவன் பேசுவான். பெற்ற தாயின் சவப்பெட்டிக்கு முன்னால் அவன் பழைய லூஷியஸாக ஆகிவிட்டால்? கடவுளே, அவன் என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

எழுந்தான். தலை நரைத்திருந்தது. எத்தனை மேடை பார்த்தவன், முதல் இரண்டு வாக்கியம் தடங்கலில்லாமல் வந்தது. மூன்றாவதில் "எங்கம்மா" என்ற சொல் வந்ததும் வார்த்தைகள் கட்டறுந்து ஓடின. மூச்சு முட்டியது. இருபது வருடம் கழித்து, அவன் கண் மூன்றாம் வரிசைக்கு வந்தது.

வெர்லீன் வாயைத் திறந்தாள். காற்று வந்தது.

சபை காத்திருந்தது. அவளுடைய உரிமை என்று எல்லோரும் விட்டுவைத்த வார்த்தை அது; அவள் சொல்லட்டும் என்று ஒருவரும் மூச்சு விடவில்லை. நிறைந்த சபையில் அப்படி ஒரு மௌனம் விழுந்தது. லூஷியஸின் முகம் செத்துப்போயிற்று. அந்த மௌனத்தின் அர்த்தம் என்னவென்று அந்தச் சபையில் வளர்ந்தவனுக்குத் தெரியாதா?

வெர்லீனின் கண்ணில் நீர் பொங்கியது. பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று நினைப்பதற்கு முன்னாலேயே, அவள் குதிகால் தரையைத் தட்டியது. நிதானமாக ஒன்று. மறுபடி ஒன்று. கதவருகே நின்ற எர்னஸ்டீன் புரிந்துகொண்டு தன் காலையும் சேர்த்தாள். பின்னாலிருந்த கிழவிகள் சேர்த்தார்கள். மரத்தரை முழுவதும் ஒரே இதயம்போல் துடிக்க, யாரோ சொன்னார்கள்: "மெதுவாச் சொல்லு, மவனே."

அவன் மூச்சு வாங்கி, பேசி முடித்தான்.

சாப்பாடு கீழ்த்தள மண்டபத்தில். பொரித்த கோழி, கீரை, சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரம், நூறு பேர் பேச்சு. லூஷியஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெர்லீனிடம் வந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"எங்கம்மா பெட்டிக்கு முன்னாடி கூடவா, லீன்? என்னப் பழிவாங்க உனக்கு வேற நாளே கிடைக்கலயா? மத்தவங்க என்னத் தூக்கிவிட வேண்டியதாப் போச்சு."

அவள் வாயசைத்தாள். பாத்திரச் சத்தத்தில் அந்தக் காற்று கரைந்தது. மறுபடி முயல்வதற்குள் யாரோ அவன் தோளைப் பிடித்துத் துக்கம் கேட்டார்கள், இன்னொருவர் கைகுலுக்கினார்.

போகட்டும், தப்பாகவே நினைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். இருபது வருடம் தாங்கினவள் இதையும் தாங்கமாட்டாளா? ஆனால் அவள் அவனுக்குக் கொடுத்தது வாழ்நாளில் அந்தக் குரல் ஒன்றுதான். அதை அவன் வஞ்சமென்று எடுத்துக்கொண்டு போனால், மிச்சம் இருக்கிற வயதில் அவளுக்கென்று எது இருக்கும்?

தன் மேல்கோட்டைக்கூட எடுக்காமல் படியேறி ஓடினாள். கார் கிளம்ப இருந்தது. கண்ணாடியைத் தட்டினாள். கமீல்தான் முதலில் பார்த்தாள். "இறங்கிப் போய்க் கேளுங்க" என்றாள் கணவனிடம்.

பனியில் இறங்கி நின்றான் லூஷியஸ். வெர்லீன் அவன் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்து, காதருகே வாயை வைத்தாள்.

"குரல் போயிடுச்சு, லூஷியஸ்."

அவன் தலையைத் தூக்கி அவள் உதட்டைப் பார்த்தான். "எப்போ?"

"அக்டோபர்ல. கழுத்துல அறுத்தாங்க."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"சத்தமாப் பேசுடின்னு திட்டிட்டே போய்ச் சேர்ந்தாங்க."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. "அப்போ அந்தக் கால் தட்டுனது..."

வெர்லீன் நனைந்த செருப்புக் காலைச் சற்றே தூக்கிக் காட்டினாள். வெறுந்தலையோடு நின்றிருந்தான் அவன். நரைமேல் பனி விழுந்து எது நரை எது பனி என்று தெரியாமல் போயிற்று.

"எந்த மேடை ஏறினாலும், வாயத் திறக்கறதுக்கு முன்னாடி உன் குரலத்தான் மனசுல கேப்பேன்" என்றான். "ஒரு தடவகூட உங்கிட்ட இதச் சொன்னதில்ல. அது எங்கயோ பத்திரமா இருக்குன்னு நினைச்சுட்டேன்."

தலைநகரத்தில் பெரிய மருத்துவர்கள் இருக்கிறார்கள், கூட வா என்றான். உண்மையாகத்தான் சொன்னான். அவள் காருக்குள் இருந்தவளைப் பார்த்தாள். பிறகு வேண்டாமென்று தலையசைத்து, அவன் காலரைச் சரிசெய்துவிட்டு, சாலைப் பக்கம் கை காட்டினாள். பனி கூடுகிறது, போ.

போனான். அவள் பேச்சு, அவள் நிதானம், இருபது வயதில் அவளுக்கிருந்த குரல் எல்லாம் அந்தக் காருக்குள் அவன் மனதில் பத்திரமாக ஏறிப்போயிற்று. அவளிடம்தான் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்தாள். எர்னஸ்டீன் கட்டிக்கொடுத்த சாப்பாடு கையில் இருந்தது. வழக்கம்போல் சூடாக்கி இரண்டு தட்டில் போட்டாள். ஒன்றை அடுப்பின்மேல் வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு கிழவியின் அறை வாசலுக்குப் போனாள். பழக்க தோஷம், குதிகால் தரையை நிதானமாகத் தட்டியது.

கட்டில் காலில் அதிர்வு ஏறியிருக்கும்.

தட்டில் சாப்பாடு ஆறும்வரை வாசலிலேயே நின்றாள்.