செவலையின் பால்டின் மணி

சிலிபின் ஊர்க் கோப்பிக் கடையில் காலியான கெட்டிப்பால் டின்னில் ஊற்றிச் சணல் கோத்துக் கொடுத்த கோப்பி, நடக்க நடக்க என் கைச் சாவிக்கொத்தில் மோதிக் கணகணத்தது. சின்ன வயதில் கேட்ட, எங்கள் பசு செவலையின் கழுத்துச் சத்தம் அதுதான்.

சிம்பாங் பூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், காலையில் பால்மரப் பட்டையை வெட்டி ரப்பர்ப்பால் எடுத்துவிட்டு மத்தியானம் காட்டோரம் மாடு ஓட்டிப்போகும் எல்லோருமே, பால்டின்னுக்குள் ஆணியைத் தொங்கவிட்டு மாட்டுக்கு மணியாகக் கட்டுவார்கள். சத்தம் கேட்டால் புலி ஒதுங்கிப் போய்விடும், புலி என்று யாரும் சொல்வதில்லை, பெரியவர்தான்.

தோட்டத் துரையின் இளம் ரப்பர்ச் செடிகளுக்கிடையே புல் செழித்திருந்தது; ஆனால் அங்கே மாடு விடக்கூடாது. காவல்காரர் காதில் விழாமல் அங்கே மேய்க்க, அப்பா ஒருநாள் டின்னுக்குள் லாலான் புல்லைத் திணித்தார். அன்றே ஓடைத் திருப்பத்தில் செவலையும் பெரியவரும் நேருக்கு நேர் வந்து, இருவருமே மிரண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்களாம்.

அம்மா புல்லை உருவி எறிந்தாள்.

“தொரைக்குப் பயந்துக்கிட்டு பெரியவரப் பகைச்சுக்கவா? தொர வைவாரு, அவ்ளோதான்லா.”

மறுநாள் செவலை அதே செடிகளுக்குள் கணகணவென்று மேய்ந்தது. காவல்காரர் விரட்டவில்லை. அவர் சுற்றி வரும் பாதையும் காட்டோரம்தான். சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, காது கேளாதவர்போல, அந்தச் சத்தத்தை விட்டு விலகாமலே நடந்தார்.