பூத்தும் காய்க்காத பிளம்ஸ் மரம்

ஏற்காட்டில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்புறத்தில் ஒரு பிளம்ஸ் மரம் நின்றது. தை பிறந்ததும், இலையே தெரியாதபடி வெள்ளை வெளேரென்று பூக்கும். ஒரு காய்கூடப் பிடிக்காது. கல்லூரியில் தாவரவியல் பயின்றவன் என்று ஊரில் எனக்கொரு மதிப்பு உண்டு. ஆகவே வருவோரெல்லாம் என்ன வகை என்று என்னையே கேட்பார்கள். பட்டையையும் துளிரின் நிறத்தையும் ஆராய்ந்து, சிவப்புச் சதை வகை என்று சொல்லியிருந்தேன். அதை மெய்ப்பிக்கப் பழம்தான் இல்லை.

சென்ற ஆண்டு என் மனைவி அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டத் தீர்மானித்தாள்.

"ஏனுங்க, இந்த வருசமும் காய்க்கலீன்னா வெட்டிப்போடலாமுங்க. நீங்க சொல்ற சிவப்ப நானும் ஒரு நாளாச்சும் கண்ணுல பாக்க வேண்டாமுங்களா?"

பிளம்ஸ் மரங்களில் பல, தம் வகையின் மகரந்தத்தை ஏற்பதில்லை. வேறு வகைப் பூ அருகில் இருக்க வேண்டும் என்று விளக்கினேன்.

"அட, பங்காளிக்குள்ள கட்டிக்க மாட்டீங்குதாக்கும்! அப்ப மாமன் மச்சான் ஊடாப் பாத்து மாப்பிள்ளையக் கூட்டியாங்க."

கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய் வீட்டில் மஞ்சள் சதைப் பிளம்ஸ் உண்டு. பூத்த கிளைகள் சிலவற்றைக் கேட்டேன்.

"பூவ ஒடிச்சுட்டா பழத்துக்கு நான் எங்க சார் போறது? சரி, கல்யாண காரியங்கறீங்க. எடுத்துக்குங்க" என்றார்.

கிளைகளைத் தண்ணீர் வாளியில் நிறுத்தி, வாளியை எங்கள் மரத்தின் கவட்டில் கட்டினேன். எங்கள் மரமும் மஞ்சள் வகையே என்றால் வாளியால் பயனில்லை; மரமும் போகும், என் சொல்லும் போகும். காலை முழுதும் பனிமூட்டம். வெயில் ஏறியபின் தேனீக்கள் வந்தன. வாளிக்கும் மரத்துக்குமாக அவை போய்வருவதை, சாப்பாட்டுக்கு அழைத்தும் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதழ்கள் உதிர்ந்தன. முன்பெல்லாம் காம்பும் கூடவே உதிர்ந்துவிடும். இம்முறை பூதக்கண்ணாடியில், காம்பின் நுனியில் மிளகளவு பச்சை தெரிந்தது. மறுவாரமும் அது விழவில்லை. விரல்நகம் அளவுள்ள ஒரு பூ, தன்னவர் யார், அயலார் யார் என்று எதைக் கொண்டு அறிகிறது? தேர்வில் இதற்கு விடை எழுதி முதல் வகுப்பில் தேறியவன் நான். அந்த விடை முழுவதும் நினைவிருந்தும், மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

வைகாசியில் முதல் பழத்தை மனைவி அடுக்களையில் நறுக்கினாள். கொட்டைவரை இரத்தச் சிவப்பு. சாறு அவள் மணிக்கட்டில் வழிந்தது. கத்தியைக் கீழே வைக்காமல் வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"தொட்டிய முன்னால கட்டிக்கலாமுங்க" என்றாள்.