கூர் கம்மியா ஒரு கத்தி

"தம்பி, கொஞ்சம் கூர் கம்மியா ஒரு கத்தி இருக்கா?"

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாத்திரக்கடையில் நான் கேட்ட கேள்வி இது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் குத்துவிளக்கைத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவும் திரும்பினார்.

"கூர் கம்மியாவா? யக்கா, நல்லா வெட்டுமான்னு கேட்டுத்தான் எல்லாரும் வருவாவ. வெட்டாத கத்தி கேட்டு இன்னைக்குத்தான் ஒரு ஆள் வந்திருக்கீய. யாருக்கு, சின்னப் பிள்ளைக்கா?"

"வீட்டுக்காரருக்கு" என்றேன்.

அந்த அம்மா குத்துவிளக்கைக் கீழே வைத்துவிட்டார்.

நீங்கள் நினைப்பது மாதிரி எல்லாம் இல்லை! விஷயம் வேறு.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கணவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊரில் அவர் சண்டை போடாத ஆள் கிடையாது. பஸ் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை. டீ ஆறிப்போச்சு என்று சண்டை. சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடினால் என்னோடு சண்டை — அது ரசம் முடிந்து மோர் வரும்வரை ஓடும். இந்த மனிதர் ஒரு நாளாவது வாயை மூட மாட்டாரா என்று கல்யாணமான நாள் முதல் ஏங்கியவள் நான்.

மூடினார். ஸ்ட்ரோக் வந்தது.

நல்ல வேளை, சீக்கிரம் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கால் சரியாகிவிட்டது. பேச்சும் தெளிவாகத் திரும்பிவிட்டது. வலது கை விரல்கள் மட்டும் இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. எல்லாம் போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். ஆனால் பேச்சு வந்தும் அவர் பேசவில்லை. எதைக் கேட்டாலும் ஒரே பதில்... "சரி."

இட்லியா, தோசையா? சரி. டிவியை அணைக்கட்டுமா? சரி. செக்கப்புக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டுத் திரும்பும்போது, வேண்டுமென்றே "பால்கோவா வாங்கவா?" என்று கேட்டேன். சரி என்றார். சுகர் உள்ள மனிதர்! "வேண்டாங்க, சுகர் ஏறிரும்" என்றேன். அதற்கும் சரி.

யோசித்துப் பாருங்கள். எதிர்ப்பேச்சே இல்லாத வீட்டில் எத்தனை நாள் ஒருத்தி தனியாகப் பேசிக்கொண்டே இருக்க முடியும்? மாத்திரை, எண்ணெய், கைப்பயிற்சி, விசாரிக்க வருகிற சொந்தக்காரர்களுக்குக் காபி... இதெல்லாம் உடம்புக்கு அலுப்பு. படுத்து எழுந்தால் போய்விடும். இந்தச் 'சரி' தந்த அலுப்புதான் எழுந்த பிறகும் கூடவே இருந்தது. சில சாயந்திரங்களில் லைட் போடக்கூடத் தெம்பில்லாமல் சமையலறையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள், மெல்ல நடந்து வந்து வாசலில் நின்றார்.

"வெங்காயமாச்சும் நறுக்கித் தாரேன்."

நோய் வந்த பிறகு அவராக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். பிசியோதெரபிஸ்ட்டும் "கைக்கு ரொம்ப நல்லது" என்றார். எனக்குத்தான் பயம். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு அரிவாள்மனை. அது போக, மகள் ஆன்லைனில் ஸ்டார் எண்ணிப் பார்த்து வாங்கி அனுப்பிய ஒரு பெரிய கத்தி. அதைப் பார்த்தால் கறிக்கடைக்காரரே இரண்டு அடி தள்ளி நிற்பார். அதனால்தான் கூர் கம்மியாக ஒன்று தேடிப் போனேன்.

கடைக்காரரும் எங்கேயோ தேடி எடுத்துக் கொடுத்தார். பச்சைக் கலர் பிளாஸ்டிக் பிடி, தகடு மாதிரி அலகு, கூடவே தோல் சீவுகிற பீலர் இலவசம். அலகை விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பரம திருப்தி!

மறுநாள் காலையில் பலகை, வெங்காயம், தக்காளி எல்லாம் எடுத்து வைத்துக் கத்தியையும் பலகை ஓரத்தில் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வைத்தேன். பிடித்துக்கொண்டார். வெங்காயத்தில் வைத்தார், வழுக்கியது. தக்காளியில் வைத்தார், நசுங்கிச் சட்டையெல்லாம் தெறித்தது. மறுபடியும் வெங்காயம். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு அழுத்தினார். கத்தி சறுக்கி, பிடித்திருந்த இடது கை விரலில் இறங்கிவிட்டது.

வெட்டாது என்று நம்பி வாங்கிய கத்தி! கூரான கத்தியை வைத்து லேசாக இழுத்தால் போதும், காய்க்குள் இறங்கிவிடும். மொட்டைக் கத்தியை நாம் தள்ள வேண்டும். தள்ளினால் அது எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷம் சமைத்தவளுக்கு இது உறைக்கவில்லையே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது. எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பேண்டேஜுக்கு வராது. கட்டுப் போட்டுவிட்டேன்.

மகளுக்குப் போன் போட்டேன். "அப்பாவ ஏம்மா இதுக்கெல்லாம் விடுற? கயிறு இழுத்தா நறுக்குற சாப்பர் ஒண்ணு அனுப்புறேன், நீயே நறுக்கிக்கோ" என்றாள். ஸ்பீக்கரில் அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார். எழுந்துபோய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

போனை வைத்தேன். இதை இப்படியே விட்டால் இந்த மனிதர் இனிமேல் எதையுமே கேட்க மாட்டார்.

அந்த வாரமே, காலேஜ் பஸ் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, அவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். "சில்லறை பொறவு தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போன கண்டக்டர் கடைசிவரை தரவில்லை. இவர் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேசாமல் இறங்கினார். பழைய ஆளாக இருந்தால் அந்த பஸ் நகர்ந்திருக்குமா?

அதே கடை. "நல்லா வெட்டுற கத்தியாக் குடுங்க தம்பி" என்றேன். கடைக்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் பரப்பினார். ஒன்று பிடிகூட ஸ்டீல். பளபளப்பாக இருந்தது, ஈரக்கையில் நழுவிவிடும். இன்னொன்று அலகு குறுகல். நறுக்கும்போது விரல் முட்டி பலகையில் இடிக்கும். கத்தி வாங்கப் போகிற நாம் எல்லாரும் அலகைத்தான் பார்க்கிறோம், பிடியை யார் பார்க்கிறோம்? நாள் முழுக்க நம் கையில் இருக்கப்போவது அதுதானே! கடைசியில் கிடைத்தது ஒன்று. தடித்த மரப்பிடி. ஒரு சாண்கூட இல்லாத, அகலமான அலகு. கடைக்காரர் பழைய பில் தாள் ஒன்றைப் பிடித்து ஓரத்தில் கத்தியை வைத்து இழுத்தார். சத்தமில்லாமல் இரண்டானது.

"பிடிச்சுப் பாருங்க அண்ணாச்சி" என்று மேஜை மேல் வைத்தார்.

இவர் கையை நீட்டினார். கண்ணாடியில் படுத்துக் கிடக்கிற கத்தியை விரல்களால் அள்ள முடியவில்லை. நகர்ந்தது. மறுபடி நீட்டினார். மறுபடி நகர்ந்தது. கடைக்காரர் சட்டென்று போனை எடுத்து எதையோ பார்க்க ஆரம்பித்தார். நல்ல மனிதர்.

"சரி, போவோம்" என்றார் இவர்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள். கத்தியை எடுத்து, பிடியை அவர் பக்கமாகத் திருப்பி, கைக்கு நேரே நீட்டினேன்.

கடைக்காரர் பதறிவிட்டார். "யக்கா, யக்கா! கத்தியக் கையில குடுக்காதீய. கீழ வைங்க, அவிய எடுக்கட்டும். ரெண்டு பேருக்கும் சண்டை வந்துரும்!"

நம் வீடுகளில் இது தெரியாதவர் யார்? கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும். நானே மகளிடம் ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறேன்.

"வரட்டும் தம்பி" என்றேன்.

பிடியை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டேன். தடித்த பிடி, முழுக்க மூடாத விரல்களுக்குள்ளும் கத்தி நழுவாமல் நின்றது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

மறுநாள் சாம்பாருக்கு வெங்காயம் நறுக்கினார். அன்றும் கத்தியைக் கையிலேயே கொடுத்தேன். மெதுவாக, ஆனால் சறுக்காமல் நறுக்கினார். துண்டு ஒவ்வொன்றும் கேரம் போர்டு காய் சைஸ். பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்...

"சாம்பாருக்கு இம்புட்டுப் பெரிசாவா நறுக்குவாக?"

கத்தி நின்றது. 'சரி' வரப்போகிறது என்று நினைத்தேன்.

"ஏட்டி, நறுக்குறது நானா நீயா? செத்த நேரம் அங்கிட்டுப் போயி உக்காரு. பக்கத்துல நின்னுக்கிட்டு நொய் நொய்னு... கத்தி வாங்கத் தெரியுதா ஒனக்கு? பிள்ளைங்க வெளையாடுற கத்திய வாங்கியாந்து என் வெரல அறுத்த! இதுல எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா!"

போய் உட்கார்ந்தேன். அழுகை வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன், கேட்டால் அதற்கும் திட்டுவார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். சாம்பாரில் வெங்காயம் பாதிதான் வெந்திருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? சொல்லிவிட்டேன்.

ராத்திரி படுக்கப் போகும்வரை பேசினார்.